காரியாபட்டியிலிருந்து லூதியானா வரை: நம் மாவட்டத்துக் கல்லூரி அணி ஒன்றின் வெற்றி வரலாறு

யூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய கதையும், பணியாற்றிய குருக்களின் பட்டியலும், பக்த சபைகளின் அறிக்கையும் இடம்பெறுவது மரபு. அவை இம்மலரில் தத்தம் இடத்தில் உள்ளன. ஆனால் ஒரு பங்கு என்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டுமன்று. அங்கே வளரும் பிள்ளைகளும் அதுவே. ஆகவே இப்பக்கங்களில் நம் விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உரியதான ஒரு விளையாட்டு வரலாற்றை எழுத விரும்புகிறேன். கோயில் மலரில் கால்பந்துக்கு என்ன வேலை என்று எவரேனும் கேட்டால், கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கும்படி அன்புடன் வேண்டுகிறேன்.

2019-ஆம் ஆண்டு, மாதாவின் வணக்க மாதமாகிய மே மாதத்தில், நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பெயரைத் தாங்கிய பெண்கள் கால்பந்து அணி, பஞ்சாபிலுள்ள லூதியானா நகரில் இந்திய நாட்டின் மகளிர் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று அப்பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. ஆமத்தூரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மதிய உணவுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊரின் கல்லூரி அது. ஆயினும் நம்மில் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியும்?

கல்லூரியும் அணியும்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் பெருவழிச் சாலையின் பக்கம், காரியாபட்டி வட்டத்துப் புல்லூரில், சேது பொறியியல் கல்லூரி 1995-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இசுலாமியப் பெருமக்கள் நடத்தும் கல்லூரி. அக்கல்லூரியைச் சேர்ந்த சீனி மொகைதீன் 2016-ஆம் ஆண்டு பெண்களுக்கென ஒரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினார். கல்லூரியின் பெயரே அணியின் பெயருமாயிற்று: சேது கால்பந்துக் கழகம். மதுரை அணி என்று செய்தித்தாள்கள் எழுதினாலும், அதன் தாய்வீடு நம் மாவட்டத்து மண்தான்.

பொறியியல் கல்லூரிக்குப் பெண்கள் கால்பந்து எதற்கு என்று அன்று பலர் வியந்திருக்கக்கூடும். ஆனால் அந்த ஆண்டு ஒரு முக்கியமான ஆண்டு. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பெண்களுக்கென நாடு தழுவிய லீக் போட்டியை முதன்முதலாக நடத்தியது 2016-17 பருவத்தில்தான். ஆண்களுக்கான தேசிய லீக் 1996-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பெண்கள் அதற்குப் பிறகும் 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தக் காத்திருப்பு நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. கால்பந்து பிறந்த இங்கிலாந்திலேயே அது நிகழ்ந்தது. அங்கே பெருங்கூட்டத்தின் முன் பந்தை உதைத்த பெண்கள் யாரென்று பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். அவர்கள் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண்கள். சிவகாசி வட்டாரத்து நமக்கு, கடல் கடந்த உறவினர் என்றே சொல்லலாம்.

மருந்து நெடியில் பிறந்த ஆட்டம்

1914-ஆம் ஆண்டு முதலாம் உலகப்போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, குண்டு செய்யும் ஆலைகளுக்குப் பெண்கள் வந்தனர். வெடிமருந்தைக் கையாண்டு கையாண்டு அவர்களின் தோலும் முடியும் மஞ்சளாயின. 1916 டிசம்பர் 5 அன்று லீட்ஸ் நகருக்கருகில் பார்ன்போ என்னும் ஆலையில் வெடிவிபத்து ஏற்பட்டு 35 பெண்கள் மாண்டனர். விபத்து என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் கருகிய நாளை நம்மில் யார் மறந்திருப்பார்?

அத்தகைய ஆலைகளில் வேலை செய்த பெண்கள், உணவு இடைவேளையில் முற்றத்தில் பந்தை உதைத்து விளையாடினர். பிரஸ்டன் நகரில் டிக் கெர் என்னும் தொழிற்சாலையின் பெண்கள் அணியாகவே திரண்டனர். 1917-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 10,000 பேர் கூடினர். வசூலான பணம் காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்குச் சென்றது. 1920 டிசம்பர் 26, புனித முடியப்பர் திருநாளன்று, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியபோது 53,000 பேர் உள்ளே இருந்தனர். இடமின்றி வெளியே நின்றோர் பல்லாயிரம். 14 வயதிலேயே அந்த அணியில் சேர்ந்தவர் லில்லி பார் என்ற பெண். பிற்காலத்தில் செவிலியாகப் பணியாற்றிய அவர், மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் 2002-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கால்பந்துப் பெருமக்கள் வரிசையில் சேர்க்கப்பட்டார். அவ்வரிசையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

இவ்வளவு மக்கள் விரும்பிய ஆட்டத்துக்கு என்ன நேர்ந்தது? 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது; சங்கத்தில் சேர்ந்த கழகங்கள் தம் மைதானங்களைப் பெண்களுக்குத் தரலாகாது. அவ்வளவே! பந்தை எவரும் பிடுங்கவில்லை. காலை எவரும் கட்டவில்லை. மைதானத்தின் கதவை மட்டும் சாத்தினார்கள். அந்தக் கதவு திறக்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. 2008-ஆம் ஆண்டில் அச்சங்கமே தன் பழைய தீர்மானத்துக்காக மன்னிப்புக் கேட்டது. ஆனால் இடையில் வாழ்ந்து மறைந்த பெண்களுக்கு அந்த மன்னிப்பு யார் கையில் போய்ச் சேரும்?

ஒரு பிள்ளையின் திறமையை அழிக்க அடித்து நொறுக்க வேண்டியதில்லை; அவள் நிற்க இடம் தராதிருந்தாலே போதும். இவ்வரலாறு சொல்லும் பாடம் இதுவே.

இந்தியாவில் கதவு திறந்தபோது

நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டு மகளிர் கால்பந்துக்கெனத் தனிச் சம்மேளனம் அமைந்து, லக்னோவில் முதல் தேசியப் போட்டி நடைபெற்றது. ஐந்தே ஆண்டுகளில், 1980 ஜனவரியில், கோழிக்கோட்டில் முடிவுற்ற ஆசிய மகளிர் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1983-ஆம் ஆண்டு சாந்தி மல்லிக் கால்பந்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண்ணானார். இடம் கொடுத்தவுடன் பிள்ளைகள் ஓடிக் காட்டினார்கள். ஆனால் தொடர்ந்து பணமும் பயிற்சியும் போட்டியும் இல்லாமையால் அந்த வேகம் தணிந்தது.

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டுக்குப் புத்துயிர் கொடுத்த இடங்களுள் கடலூர் முதன்மையானது. 2004 டிசம்பர் 26, அதே புனித முடியப்பர் திருநாளன்று, ஆழிப்பேரலை நம் கரையோர மக்களை வாரிச் சென்றது. பெற்றோரை இழந்தும் வீட்டை இழந்தும் அரசு இல்லத்தில் அடைக்கலம் புகுந்த சிறுமியரைப் பயிற்சியாளர் மாரியப்பன் மைதானத்துக்கு அழைத்து வந்தார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் ஓடத் தொடங்கினர். அந்தக் கடலூர் மண்ணிலிருந்து மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் தேர்வு பெற்றனர். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

இவ்வாறு மாநில அணி எழுச்சி பெற்ற வேளையில்தான் நம் மாவட்டத்துக் கல்லூரி அணியும் லூதியானாவுக்குப் புறப்பட்டது.

லூதியானாவில் 18 நாட்கள்

2018-19 பருவத்துக்குரிய இந்திய மகளிர் லீக் போட்டி 2019 மே 5 முதல் 22 வரை லூதியானாவின் குருநானக் விளையாட்டரங்கில் நடைபெற்றது. அது மூன்றாவது ஆண்டுப் போட்டி. முதல் ஆண்டு மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனும், இரண்டாம் ஆண்டு ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கழகமும் பட்டம் வென்றிருந்தன. மூன்றாம் ஆண்டில் 12 அணிகள் இரு பிரிவுகளாக மோதின. வட இந்தியாவின் மே மாத வெயிலை அறிந்தவர்களுக்கு, அந்த 18 நாட்களுக்குள் ஓர் ஆட்டம் முடிந்து களைப்பு ஆறுமுன் அடுத்த ஆட்டம் ஆடுவது என்பது எத்தகைய சோதனையென்று விளங்கும்.

சேது அணியின் அமைப்பை உற்று நோக்குங்கள். நடத்துவது இசுலாமியர் நிறுவிய கல்லூரி. பயிற்சியாளர் அமிர்தா அரவிந்த் என்னும் பெண்மணி. நடுக்களத்தில் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன். முன்களத்தில் அண்டை நாடாகிய நேபாளத்தின் புகழ்பெற்ற வீராங்கனை சபித்ரா பண்டாரி. உடன் தமிழகத்துப் பெண்களும், மலைநாடாகிய மணிப்பூரிலிருந்து வந்த பெண்களும். மொழி வேறு, உணவு வேறு, வழிபாடு வேறு. ஆனால் அணிந்த சட்டை ஒன்று. பந்தைப் பெறுபவள் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்டுக்கொண்டு எந்த அணியும் பந்தைத் தட்டிக்கொடுக்க முடியாது. கேட்கும் நேரத்தில் எதிரணி கோல் போட்டுவிடும்! நம் வட்டாரத்தில் சாதியின் பெயரால் தெருவும் சுடுகாடும் பிரிந்து கிடப்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு உண்மையின் அருமை புலப்படும்.

பிரிவு ஆட்டங்களில் தேர்ச்சி பெற்று, அரையிறுதியில் எல்லைக் காவல் படையாகிய சசஸ்திர சீமா பல் அணியை வென்று, சேது அணி இறுதி ஆட்டத்தில் நுழைந்தது. எதிரே நின்றது மணிப்பூர் காவல்துறை அணி. அந்த அணியில்தான் இந்தியாவின் தலைசிறந்த வீராங்கனையாகிய பாலா தேவி இருந்தார். அத்தொடரில் எவரையும்விட அதிகக் கோல்கள் அடித்தவர் அவரே. அடுத்த ஆண்டு 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்து நாட்டின் புகழ்பெற்ற ரேஞ்சர்ஸ் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது என்றால் அவரது ஆற்றலை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

மே 22. இறுதி ஆட்டம். பாலா தேவியின் அணியைச் சேது அணி 3-1 என்ற கோல் கணக்கில் வென்றது. தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆன கழகம், காரியாபட்டிச் செம்மண் சாலையோரத்துக் கல்லூரியின் பெயரை இந்தியாவின் பட்டப் பலகையில் எழுதிவிட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னை சிட்டி அணி ஆண்களுக்கான ஐ-லீக் பட்டத்தை வென்றிருந்தது. ஒரே பருவத்தில் ஆண், பெண் இரு பட்டங்களும் தமிழகத்துக்கு வந்து சேர்ந்தன.

அதன் பின்னும் அணி ஓய்ந்துவிடவில்லை. புவனேசுவரத்தில் நடந்த 2021-22 பருவத்தில் கடைசி ஆட்டம் வரை பட்டத்துக்குப் போராடி, 2022 மே 26 அன்று கேரளத்தின் கோகுலம் அணியிடம் 1-3 எனத் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. தோல்வியும் விளையாட்டின் பகுதிதான். தோற்ற மறுநாள் மைதானத்துக்குத் திரும்பி வருபவரே விளையாட்டு வீரர்.

இந்துமதியைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவி நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, இந்திய அணியின் இந்த வீராங்கனை சீருடையணிந்து சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றார். விளையாட்டு அவருக்குப் பதக்கத்தோடு வேலையும் தந்தது. வேலையோடு பொறுப்பும் தந்தது. பெண் பிள்ளை பந்து விளையாடி என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் தாய்மார்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

நம் பிள்ளைகளின் கை

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1922-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த இக்கரிசல் பூமிக்கு அத்தொழில் சோறு போட்டது. அதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலை என்ன? அதிகாலை இருட்டில் கிராமந்தோறும் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகளைப் பெரியவர்கள் அறிவார்கள். கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் தேய்ந்த கைகளில் பெரும்பாலானவை பெண் பிள்ளைகளின் கைகளே. பையன் பள்ளிக்கூடம் போனான். அவன் படிக்கப் பணம் வேண்டுமே என்று அவன் அக்காள் ஆபீசுக்குப் போனாள். இன்று நம் பங்கில் பாட்டியாக அமர்ந்து செபமாலை சொல்லும் அன்னையர் சிலரின் குழந்தைப் பருவம் அந்தக் கட்டைகளுக்குள் அடுக்கப்பட்டுப் போயிற்று.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் அமர்த்துவதைத் தடை செய்தது. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்து எழுந்த வழக்கிலேயே, சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, 18 வயது நிரம்பாத எவரும் வெடிமருந்துத் தொழிலில் ஈடுபடலாகாது எனக் கூறுகிறது. ஆகவே பத்தாம் வகுப்பில் தேறாத மகளை, 'சும்மா வீட்டில் இருப்பதற்கு ஆலைக்குப் போகட்டுமே' என்று அனுப்புவது ஏழ்மையின் பெயரால் மன்னிக்கத்தக்க சிறு பிழையன்று. சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் எதிரானது.

ஆனால் தடை மட்டும் போதாது. 'ஆலைக்குப் போகாதே' என்று சொல்லிவிட்டு, போவதற்கு வேறிடம் காட்டாவிட்டால், நாமும் மைதானக் கதவைச் சாத்திய அந்தச் சங்கத்தாரைப் போன்றவர்களே. நம் விருதுநகர் மண் ஈன்ற பெருந்தலைவர் காமராசர் 'பள்ளிக்கு வா' என்று கட்டளையிட்டதோடு நிற்கவில்லை. வந்த பிள்ளைக்கு மதிய உணவும் போட்டார். பிள்ளைகள் வந்தார்கள்.

மாலை வேளையில் நம் ஊர்களின் பொட்டல்களைப் பாருங்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அவர்கள் வயதுப் பெண் பிள்ளைகள் குடத்தோடு குழாயடியில் நிற்கிறார்கள். வயதுக்கு வந்துவிட்டால் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, சத்தமாகச் சிரிக்கவும் கூடாது. இதை மறைநூலில் எந்த அதிகாரம் கற்பிக்கிறது? நம் ஆண்டவர் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையைப் பிடித்து எழுந்திருக்கச் சொன்னார். அவளும் எழுந்து நடந்தாள் என்று மாற்கு நற்செய்தி கூறுகிறது. நாமோ எழுந்து நடக்கும் சிறுமியை அந்த வயதில்தான் உட்காரச் சொல்கிறோம்.

ஒரு குருவானவரின் முற்றம்

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டின் தலைநகர் புவனோஸ் அயர்ஸில் லொரென்சோ மாசா என்னும் சலேசிய குருவானவர் பணியாற்றினார். தெருவில் பந்து விளையாடிய சிறுவர்களுள் ஒருவன் டிராம் வண்டியில் அடிபடும் அபாயத்தை அவர் கண்டார். கோயில் வளாகத்து முற்றத்தைத் திறந்துவிட்டு, 'இங்கே விளையாடுங்கள்; ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் வந்துவிடுங்கள்' என்றார். அந்தச் சிறுவர்களைக் கொண்டே 1908 ஏப்ரல் 1 அன்று சான் லொரென்சோ கழகம் உருவாயிற்று. அக்கழகத்தின் மீது சிறுவயது முதல் பற்றுக்கொண்டு, கடைசிவரை அதன் உறுப்பினராக இருந்தவர்தான் 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இளமையில் கோல் காவலராக நின்றவர். 2000-ஆம் யூபிலி ஆண்டில் உரோமை ஒலிம்பிக் அரங்கில் விளையாட்டு வீரர்களுக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். யூபிலிக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவு நான் புதிதாகக் கற்பித்தது அன்று.

யூபிலி என்றால் பழைய ஏற்பாட்டில் என்ன பொருள்? அடிமைகள் விடுதலை பெறும் ஆண்டு. இழந்த நிலம் உரியவருக்குத் திரும்பும் ஆண்டு. நம் பெண் பிள்ளைகள் இழந்த நிலம் ஒன்று உண்டு. அது விளையாடும் நிலம்.

ஆகவே யூபிலியின் நினைவாக ஒரு வேண்டுகோளைப் பங்கு மக்கள் முன் வைக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலைகள் கோயில் வளாகத்து வெளியிடம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்குவோம். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரட்டும். ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் அன்னையரும் முறைவைத்து உடனிருக்கட்டும். பணம் படைத்தோர் இரண்டு பந்தும் கோலுக்கு வலையும் வாங்கித் தரட்டும். பையன்கள் அந்த இரண்டு நாளும் பெருந்தன்மையோடு மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேறிடம் போகட்டும். எல்லாரும் இந்திய அணிக்குப் போய்விடப் போவதில்லை. ஆனால் ஓடிக் களைத்து, வியர்வையோடு வீடு திரும்பி, பசித்து உண்டு, பாடம் படித்து உறங்கும் ஒரு பெண், ஆலை வண்டி வந்து அழைக்கும்போது 'நான் வரவில்லை' என்று சொல்லும் துணிவைப் பெறுவாள்.

பந்தயத் திடலில் பலர் ஓடினாலும் பரிசு பெறுபவர் ஒருவரே என்று புனித பவுல் அடியார் கொரிந்தியருக்கு நினைவூட்டினார். அழியாத வெற்றி வாகைக்காக நம்மையும் ஓடச் சொன்னார். ஓடுவதற்கு முதலில் திடல் வேண்டுமே! அதைத் திறந்துவைக்கும் புண்ணியத்தை இந்த யூபிலி ஆண்டில் இறைவன் நமக்கு அருள்வாராக. பந்தடிக்கும் நம் பிள்ளைகளைத் தேவ அன்னை தம் மேலாடையின் நிழலில் காப்பாராக.